காஸ் முடிவதில்லை, கசிகிறது

மீன் ஏற்றும் கூலர் லொறியின் பெட்டிக்குள் குளிர் குறைந்துவிட்டால், எமது கரையோரங்களில் பொதுவாகக் கேட்கும் வார்த்தை “காஸ் முடிஞ்சு போச்சு” என்பதாகும். லொறிக்காரர் தொலைபேசியில் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார். “தம்பி, காஸ் முடிஞ்சு போச்சு. ஒருக்கா வந்து அடிச்சு விடும்” என்கிறார். தம்பியும் மோட்டார் சைக்கிளில் காஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு வருகிறார். அரை மணித்தியாலத்தில் வேலை முடிகிறது. பெட்டி குளிர்கிறது, லொறி புறப்படுகிறது. சில கிழமைகளில் மீண்டும் அதே லொறி, அதே முறைப்பாடு, அதே தம்பி.

இந்தப் பேச்சிலேயே ஒரு பிழை இருக்கிறது. டீசல் எரிந்து முடியும், எண்ணெய் தேய்ந்து கெடும். ஆனால் குளிரூட்டியின் காஸ் எரிவதுமில்லை, தேய்வதுமில்லை. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி ஓடுவது. குழாய் இறுக்கமாக இருந்தால் அதே காஸ் ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும். அது குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒரு வாசலால் வெளியேறியிருக்கிறது என்பதே பொருள். வாசலை அடைக்காமல் மேலும் மேலும் காஸ் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வதற்கு ஒப்பாகும்.

தவறு மெக்கானிக்கினுடையது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நாம் அப்படிக் கருதவில்லை. வீதிவீதியாகச் சென்று குளிர் லொறிகளைத் திருத்தும் இந்தத் தொழிலாளிக்கு நாம் காஸ் அடிப்பதற்குக் கூலி கொடுக்கிறோம். கசிவைத் தேடுவதற்குக் கொடுப்பதில்லை. பழுதைத் திருத்தக் கூப்பிடுகிறோம். பழுது வராமல் பார்க்கக் கூப்பிடுவதில்லை. இதன் நட்டம் இறுதியில் யார் தலையில் விழுகிறது என்பதைச் சற்றுச் சிந்தித்துப் பார்ப்போம்.

கரை வரைக்கும் வரும் நட்டம்

மன்னாரிலிருந்து கொழும்புக்கு மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாக 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். மாலையில் ஏற்றிய மீன் விடிவதற்குமுன் பேலியகொடை மத்திய மீன் சந்தைக்குப் போய்ச் சேரவேண்டும். 2011 இல் இந்தச் சந்தை புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு இடம் மாறியது. அங்கே மீனைப் பார்ப்பவர் கண்ணையும் செவுளையும் பார்க்கிறார், விரலால் அழுத்திப் பார்க்கிறார். தசை மெலிந்திருந்தால் அந்த இடத்திலேயே விலை இறங்குகிறது.

அந்த இறக்கம் கொழும்போடு நிற்பதில்லை. வியாபாரி தன் நட்டத்தை லொறி உரிமையாளரிடம் காட்டுகிறார். லொறி உரிமையாளர் அதைக் கரையில் மீன் வாங்கும் விலையில் சரிக்கட்டுகிறார். வழியில் பழுதாகக்கூடும் என்ற பயத்துக்கும் சேர்த்து அவர் முன்கூட்டியே விலையைக் குறைத்துக்கொள்கிறார். எனவே மெதவாச்சிப் பக்கம் நள்ளிரவில் அறுந்த ஒரு பெல்ட்டுக்கான காசை, மறுநாள் பேசாலையிலோ முல்லைத்தீவிலோ வலை இழுத்த மனிதர்தான் கொடுக்கிறார். அந்த லொறியை அவர் கண்டிருக்கவே மாட்டார்.

சுகாதாரத்தையும் மறந்துவிடக் கூடாது. சூரை, கும்பளா போன்ற மீன்கள் சில மணித்தியாலம் வெப்பத்தில் கிடந்தால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், தடிப்பு எழும்பும், தலை இடிக்கும். பின்னர் எவ்வளவு குளிரில் வைத்தாலும், எவ்வளவு நேரம் சமைத்தாலும் அது நீங்காது. ஆதலால் வழியில் குளிர் நின்று, பிறகு காஸ் அடித்து மீண்டும் குளிர்ந்த பெட்டி, பார்வைக்கு நல்ல பெட்டியாக இருந்தாலும் உள்ளே இருக்கும் மீனுக்கு அது உத்தரவாதமல்ல.

பெட்டி குளிர்வது எப்படி?

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளேயிருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கூலர் லொறியிலும் நடப்பது இதுவே. பெட்டிக்குள் இருக்கும் குழாய்ச் சுருளில் திரவம் ஆவியாகி மீனின் வெப்பத்தை எடுக்கிறது. கொம்பிரசர் அந்த ஆவியை அழுத்தி வெளியே உள்ள கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே மின்விசிறிக் காற்றில் வெப்பத்தை விட்டுவிட்டு அது மீண்டும் திரவமாகிறது. ஓர் ஒடுங்கிய வால்வு வழியாக அழுத்தம் குறைந்து மறுபடியும் உள்ளே வருகிறது. அதாவது, இயந்திரம் குளிரை உண்டாக்குவதில்லை. வெப்பத்தை உள்ளிருந்து வெளியே சுமக்கிறது.

சுமப்பவருக்கு ஓர் அளவு உண்டு. லொறியின் குளிரூட்டி குளிர்ந்த பொருளைக் குளிராக வைத்திருப்பதற்கென்று செய்யப்பட்டது. வெயிலில் கிடந்த மீனைக் குளிர்விக்க அல்ல. 30 பாகை வெப்பத்திலுள்ள 1 கிலோ மீனை 0 பாகைக்குக் கொண்டுவர, கணக்கின்படி ஏறத்தாழ மூன்றிலொரு கிலோ ஐஸ் உருகவேண்டும். எமது வெயிலில் பெட்டிச் சுவராலும் கதவாலும் வரும் வெப்பத்தையும் சேர்த்து, மீனுக்குச் சம எடை ஐஸ் போடுவது நல்லது. இந்த வேலையை ஐஸ் செய்யவேண்டும், வாடியிலேயே செய்யவேண்டும். ஐஸ் போடாத மீனைக் கூரை முட்ட அடுக்கி, உள்ளே காற்று ஓட வழியில்லாமல் கதவைச் சாத்திவிட்டு, “கூலர் இழுக்குதில்லை” என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவதில் நியாயமில்லை.

எமது சிறிய லொறிகள் பலவற்றில் கொம்பிரசரை ஓட்டுவது லொறியின் சொந்த எஞ்சினே. தேநீர் குடிக்க எஞ்சினை நிறுத்தினால் குளிரும் நிற்கும். பெரிய லொறிகளில் குளிரூட்டிக்குத் தனியாக ஒரு டீசல் எஞ்சின் உண்டு. அதற்கு எண்ணெயும் வடிகட்டியும் மாற்றுவதை லொறி ஓடிய கிலோமீற்றரைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. லொறி நிற்கும்போதும் அந்த எஞ்சின் ஓடுகிறது. அதனால் மணித்தியாலக் கணக்கைப் பார்க்கவேண்டும். இதை அறியாத சாரதிகள் இன்றும் இருக்கிறார்கள்.

கரையோர லொறிகளுக்கு உப்புக்காற்று இன்னோர் எதிரி. கண்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகளை அது அரிக்கிறது. குழாய் மூட்டுகளில் பச்சை படிகிறது. வீதியின் அதிர்வு அந்த மூட்டுகளை நாளடைவில் தளர்த்துகிறது. காஸ் கசிவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான். நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவினாலே அரிப்பு வெகுவாகக் குறையும். கதவு றப்பர் கிழிந்தாலோ, சுவரின் நுரைக்குள் தண்ணீர் ஊறினாலோ எந்தக் கொம்பிரசராலும் ஈடுகொடுக்க முடியாது.

அரை மணித்தியாலமா, அரை நாளா?

முறையான திருத்தம் எப்படி இருக்கவேண்டும்? முதலில் மெக்கானிக் கேஜ் பூட்டி அழுத்தத்தைப் பார்க்கவேண்டும். பல வேளைகளில் காஸில் குறையே இராது. பெல்ட் தளர்ந்திருக்கும், பியூஸ் போயிருக்கும், பற்றறி முனை பூத்திருக்கும், சுருளில் ஐஸ் கட்டி காற்றை மறித்திருக்கும். காஸ் குறைந்திருந்தால் எஞ்சியிருக்கும் காஸை மீட்டு எடுத்து, நைதரசன் ஏற்றி, மூட்டு மூட்டாகச் சவர்க்கார நுரை பூசிக் கசிவைக் கண்டுபிடிக்கவேண்டும். பிறகு கசிவை ஒட்டி, ஈரம் உறிஞ்சும் வடிகட்டியை மாற்றவேண்டும். பின்பு வக்கியூம் பம்பைப் பூட்டி உள்ளேயுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்கவேண்டும். ஈரம் தங்கினால் அது வால்வில் உறைந்து வழியை அடைக்கும். எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளே அரிக்கும். கடைசியாக, உற்பத்தியாளர் சொன்ன அளவு காஸைத் தராசில் நிறுத்து ஏற்றவேண்டும்.

இதற்கு அரை நாள் பிடிக்கும். லொறிக்குள் மீன் இருக்கிறது. உரிமையாளர் அருகில் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார். “அண்ணை, லீக்கைப் பார்க்காமல் அடிச்சால் நிக்காது” என்று மெக்கானிக் சொன்னால், “அதைப் பிறகு பார்ப்பம், இப்ப அடியும்” என்ற பதில்தான் வரும். அந்த இரவில் அந்தப் பதிலுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் “பிறகு” வருவதேயில்லை. மீன் இறக்கிய மறுநாள் லொறி வெறுமையாக நிற்கும். அன்று யாரும் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில்லை.

அவருக்குக் கிடைக்கும் வருமானமோ அடித்த காஸின் எடையைப் பொறுத்தது. கசிவை நன்றாக அடைக்கிற மெக்கானிக் தன் அடுத்த மாத வருமானத்தையே அடைத்துக்கொள்கிறார். அடைக்காமல் விடுகிறவருக்கு வேலை தொடர்ந்து கிடைக்கிறது. நல்ல வேலைக்குத் தண்டனையும் அரைகுறை வேலைக்குச் சன்மானமும் கொடுக்கும் இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் நாமே. வக்கியூம் பம்ப், மீட்பு இயந்திரம், தராசு, நைதரசன் சிலிண்டர் ஆகியவற்றை வாங்க அவரிடம் முதல் இல்லை. வாங்கினாலும் அவற்றைப் பாவிக்கும் நேரத்துக்கு எவரும் காசு கொடுப்பதில்லை.

கசியும் காஸ் எங்கே போகிறது என்பதும் எம்மைச் சார்ந்த விடயமே. முன்னாளில் பாவித்த ஆர்-12 காஸ் ஓசோன் படையைக் கெடுத்ததால் 1987 இன் மொன்றியல் உடன்படிக்கையின்கீழ் கைவிடப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ, ஆர்-404ஏ என்பவை ஓசோனைக் கெடுப்பதில்லை, ஆனால் பூமியைச் சூடாக்குகின்றன. 1 கிலோ ஆர்-404ஏ வெளியேறினால், நூறு ஆண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ 3,900 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். 2016 இன் கிகாலித் திருத்தத்தை இலங்கை 2018 இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி எம்மைப் போன்ற நாடுகள் இவ்வகைக் காஸ்களின் பாவனையை 2029 இல் 10 சதவீதமும், படிப்படியாக 2045 இல் 80 சதவீதமும் குறைக்கவேண்டும். அளவு குறையும் பொருளை மலிவாக எதிர்பார்க்க முடியாது. ஆகவே கசிவை அடைக்கப் பழகுவது எமது சட்டைப்பைக்கும் நல்லது.

கெட்டித்தனம் மட்டும் போதாது

எமது மக்களுக்கு இயந்திர அறிவு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 1990 களில் எரிபொருள் தடைப்பட்டபோது வடக்கில் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். பற்றறி கிடையாதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அது பெரிய கெட்டித்தனம். ஆனால் மின்சாரமும் ஐஸும் இல்லாத அந்த ஆண்டுகளில் குளிரூட்டித் தொழிலை மட்டும் எங்கள் இளைஞர்கள் பழக வழியிருக்கவில்லை. மீன் கருவாடாயிற்று. 2009 இல் போர் முடிந்து வீதி திறந்தபோது லொறிகள் விரைவாக வந்தன. அவற்றைப் பராமரிக்கும் கைகள் அவ்வளவு விரைவாக வரவில்லை.

குளிரூட்டி, சமாளிப்பு வேலையை மன்னிக்காத இயந்திரம் என்பதையும் சொல்லவேண்டும். சமையல் காஸை அதற்குள் அடித்தால் பெட்டி குளிரத்தான் செய்யும். ஆனால் ஒரு கசிவும் ஒரு தீப்பொறியும் சேர்ந்தால் உயிர் போகும். உள்ளே காஸ் இருக்கும்போதே குழாயைச் சூடாக்கி ஒட்டினால் நச்சுப் புகை எழும்பும். திரவம் கையில் பட்டால் தோல் உறைந்து வெந்துபோகும். இருட்டில், வீதியோரத்தில், கைத்தொலைபேசி வெளிச்சத்தில், ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கைவைத்து இந்த வேலை நடக்கிறது. கையுறையும் கண்ணாடியும் ஆடம்பரமல்ல.

இந்தத் தொழிலின் தொடக்கத்தை நினைத்துப் பார்ப்பது நல்லது. லொறிகளுக்கென வெற்றிகரமாக இயங்கும் குளிரூட்டியை 1930 களின் இறுதியில் அமெரிக்காவில் வடிவமைத்தவர் பிரெடெரிக் மக்கின்லி ஜோன்ஸ் என்ற கறுப்பின மனிதர். 1893 இல் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரின் அரவணைப்பை இழந்து, கத்தோலிக்கக் குருவானவர் ஒருவரின் பராமரிப்பில் சில காலம் வளர்ந்தவர். பள்ளிப் படிப்பைத் தொடராமல், சிறுவனாகவே ஒரு கராஜில் கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பார்த்துப் பார்த்து மெக்கானிக் ஆனார். தானாகவே படித்து 60 க்கு மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்றார். 1961 இல் இறந்த அவருக்கு, 1991 இல்தான் அந்நாட்டின் தேசிய தொழினுட்பப் பதக்கம் வழங்கப்பட்டது. கராஜ் மூலையில் துடைப்பத்தோடு நிற்கும் பையனை நாம் எந்தக் கண்ணோடு பார்க்கிறோம் என்று கேட்டுக்கொள்வோமாக.

சிலர் சொல்லும் மறுப்புகள்

“ஐஸ் போதும், இயந்திரம் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. குறுகிய தூரத்துக்கு அவர்கள் சொல்வது சரியே. நல்ல பெட்டியும் போதிய ஐஸும் இருந்தால் பக்கத்துப் பட்டினத்துக்கு மீன் கொண்டுபோகக் குளிரூட்டி தேவையில்லை. பராமரிக்க வசதியில்லாத சங்கத்துக்கு இயந்திரம் வாங்கிக் கொடுப்பது உதவியுமல்ல. ஆனால் நீண்ட தூரத்துக்கும், உறைந்த இறாலுக்கும் நண்டுக்கும் ஐஸ் மட்டும் போதாது. உறைந்த பொருள் −18 பாகையில் இருக்கவேண்டும். 0 பாகையில் உருகும் ஐஸால் அதைக் கொடுக்க முடியாது.

“கொழும்புக்குக் கொண்டுபோய்த் திருத்தலாம்” என்பது இன்னொரு வாதம். கொழும்பில் திறமையான இடங்கள் உண்டு. ஆனால் அங்கே போய்வரும் டீசலும் லொறி நிற்கும் நாட்களும் சின்னச் சங்கத்தைத் தின்றுவிடும். 2022 இல் டீசல் லீற்றர் 460 ரூபா வரை ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2020 இல் நின்ற வாகன இறக்குமதி 2025 இல்தான் பரவலாகத் திறக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளும் பழைய லொறிகளை ஓடவைத்தவர்கள் ஊர் மெக்கானிக்குகளே.

“பழக்கிவிட்டால் பையன் கட்டாருக்குப் போய்விடுவான்” என்பதே மிகவும் வலிமையான மறுப்பு. உண்மை. சிலர் போவார்கள். அவர்களைத் தடுக்க எமக்கு உரிமையுமில்லை. ஆனால் ஊரில் மாதாமாதம் நிச்சயமான வருமானமும், பெயர் சொல்லிக் கூப்பிடும் மரியாதையும் இருந்தால் எல்லோரும் போகமாட்டார்கள். போனவரும் ஒருநாள் பணத்தோடும் அனுபவத்தோடும் திரும்பி வரலாம். பழக்காமல் விட்டால் எவரும் இருக்கப்போவதில்லை.

நாம் செய்யக்கூடியவை

பெரிய நிதி தேவைப்படாத சில காரியங்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, கூலி கொடுக்கும் முறையை மாற்றுதல். லொறி உரிமையாளர்களும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் ஒரு மெக்கானிக்கோடு மாத ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். லொறி வெறுமையாக நிற்கும் நாளில் அவர் வந்து பெல்ட், மூட்டு, மின்விசிறி, வடிகால் குழாய், கதவு றப்பர் எல்லாவற்றையும் பார்ப்பார். லொறி பழுதில்லாமல் ஓடினால் அவருக்கு இலாபம், அடிக்கடி நின்றால் நட்டம் என்ற நிலை வரவேண்டும்.

இரண்டாவது, கருவிகளைப் பொதுவில் வைத்தல். வக்கியூம் பம்பும் மீட்பு இயந்திரமும் ஒருவருக்குப் பாரம், ஒரு சமாசத்துக்குப் பாரமல்ல. வாடகைக்குக் கொடுத்து அந்தப் பணத்திலேயே அவற்றைப் பராமரிக்கலாம்.

மூன்றாவது, ஒவ்வொரு லொறியிலும் ஒரு கொப்பி. எத்தனை பாகைக்கு வைத்தோம், பெட்டிக்குள் எத்தனை பாகை இருந்தது, எப்போது எத்தனை கிராம் காஸ் ஏற்றினோம் என்பதைச் சாரதி எழுதிவைக்கட்டும். ஆண்டில் மூன்று தடவை காஸ் ஏற்றியதாகக் கொப்பி சொன்னால், கசிவு இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நான்காவது, சாரதிகளுக்கும் ஏற்றுபவர்களுக்கும் அரை நாள் பயிற்சி. ஏற்றுவதற்குமுன் பெட்டியைக் குளிர்வித்தல், தரையிலும் கூரையிலும் காற்றுக்கு இடம் விடுதல், கதவைத் திறந்தபடி கதைத்துக்கொண்டு நில்லாமை ஆகியவற்றைச் சொல்லிக் கொடுக்க அரை நாள் போதும்.

ஐந்தாவது, திறமைக்குச் சான்றிதழ். வகுப்பில் இருந்து படிக்காதவரும், வேலையில் பெற்ற திறனைச் செய்துகாட்டித் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற இந்நாட்டில் வழி உண்டு. அதை அறியாத மெக்கானிக்குகள் பலர். விண்ணப்பத்தை நிரப்பவும் தமிழில் குறிப்புகள் தயாரிக்கவும் படித்த இளைஞர்கள் உதவலாம். பெண்பிள்ளைகளையும் இத்தொழிலுக்கு அழைக்கலாம். கேஜ் வாசிக்கவும் கசிவு தேடவும் வேண்டியது பொறுமையே.

உலகில் மனிதருக்கென உற்பத்தியாகும் உணவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இழக்கப்படுகிறது அல்லது வீணாகிறது என்று ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் 2011 இல் மதிப்பிட்டது. இதைக் கேட்டவுடன் புதிய குளிரறை, புதிய லொறி என்றே எமது திட்டங்கள் ஓடுகின்றன. திறப்புவிழா உள்ள காரியங்களுக்குப் பணம் கிடைக்கிறது. பராமரிப்புக்குத் திறப்புவிழா இல்லை. நாடா வெட்டித் திறந்த சில ஆண்டுகளில் பூட்டிக் கிடக்கும் குளிரறைகளை நாம் கண்டிருக்கிறோம். அவற்றுக்கும் மேலும் மேலும் பணம் அடிக்கப்பட்டது. கசிவு எங்கே என்று எவரும் கேட்கவில்லை.

எனவே உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில், புதிய வாகனத்துக்கான கோரிக்கையை எழுதுவதற்கு முன், இருக்கும் வாகனத்தைப் பராமரிப்பவருக்கு மாதம் எவ்வளவு கொடுக்கப்போகிறோம் என்ற கேள்வியை நிகழ்ச்சிநிரலில் முதலாவதாகப் போடுங்கள். அந்தக் கூட்டத்துக்கு அவரையும் அழையுங்கள். வந்தால் பின்வரிசையில் நிற்கவிடாமல் ஒரு கதிரையும் கொடுங்கள்.